இருபத்தெட்டாவது கேள்வி

பெட்ரோனெலா பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்ல அவளுக்கு நேரம் கிடையாது. பதினோரு செம்மறி, ஒரு பசு, மரக்கட்டை உருண்டு இடுப்பு நொறுங்கிப் படுத்துவிட்ட புருஷன். இவ்வளவையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், பேய் வந்தது என்று கதை கட்டிவிட்டு யாரிடம் பேர் வாங்கப் போகிறாள்? நடந்ததை நடந்தபடி சொன்னாள். மணி உட்படச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒன்று மட்டும் இங்கே வராது. அது அவள் புருஷனின் பெயர். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏன் என்று போகப் போகப் புரியும்.

ருமேனியாவில், புக்கோவினா மலைச்சரிவில் அவர்கள் ஊர். அறுபது வீடு. சுற்றிலும் ருமேனியப் பேச்சு. இந்த அறுபது வீட்டில் மட்டும் போலிஷ். அதுவும் போலந்துத் தலைநகர் வார்சாவில் பேசுகிற போலிஷ் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் மலை தாண்டி வந்தவர்கள் மூட்டையோடு மூட்டையாகத் தூக்கிவந்த பேச்சு. வேறு எங்கும் செத்துப்போன சொற்கள் இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தன.

அதனால்தான் கோடைதோறும் போலந்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள். கையில் கேள்வி நோட்டு. முதல் பக்கத்தில் உங்கள் பெயர், வயது, பிறந்த ஊர், அப்பா அம்மா பிறந்த ஊர் எல்லாம் கேட்பார்கள். பல் முழுசாக இருக்கிறதா என்றும் கேட்பார்கள். பல் போனவர்களின் உச்சரிப்பு அவர்களுக்கு ஆகாது. அதற்குப் பிறகு கதவைக் காட்டி இதற்கு என்ன பேர், கரண்டியைக் காட்டி இதற்கு என்ன பேர் என்று சாயங்காலம் வரை நடக்கும்.

பக்கத்து வீட்டு விக்டோரியா சொல்லுவாள்: "அடியே, போன வருஷம் அடுப்புக்கு ஒரு பேரு சொன்னேன். இந்த வருஷமும் வந்து கேக்கறாங்க. நடுவுல அதுக்குக் கல்யாணம் ஆகிப் பேரு மாறிடுச்சான்னு பாக்க வந்தாங்க போல."

சிரிப்பார்கள். ஆனாலும் கதவைத் திறப்பார்கள். அதில் ஒரு வீம்பு இருந்தது. போலந்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர், பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் பதில் எழுதினால் சிவப்பு மசியால் அடித்துவிடுவாள். பெட்ரோனெலா நேராக வகுப்பறைக்கே போய்விட்டாள்.

"டீச்சரம்மா, உங்க ஊர்ல இந்தச் சொல்லையெல்லாம் தொலைச்சது நீங்க. பத்திரமா வெச்சிருக்கிறது நாங்க. இதுல தப்பு யாரு பேருல?"

அன்றிலிருந்து, யார் நோட்டோடு வந்து கேட்டாலும் பெட்ரோனெலா உட்காரவைத்துச் சொல்லுவாள். ஒரு சொல் விடாமல் சொல்லுவாள். பத்து வருடமாக அதுவே பழக்கம். கேட்டால் போதும், யோசிக்கும் முன்னால் வாய் சொல்லிவிடும்.

அந்தப் பழக்கம்தான் அன்றைக்குக் கதவைத் திறந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று. நவம்பர் இருபத்து நான்கு, வியாழக்கிழமை. முந்தின நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரமே இறங்கிவிட்டது. நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

காலையில்தான் டாக்டர் வந்துபோனார். இடுப்பை விட நெஞ்சுதான் கவலை என்றார். படுத்தே கிடந்ததில் சளி கட்டிவிட்டது.

"இன்னிக்கு ராத்திரி தாண்டிட்டா பரவாயில்ல. மூச்சை மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க. சத்தம் மாறினா உடனே கூப்பிடுங்க."

அதனால் பெட்ரோனெலாவின் காது முழுக்க உள்ளறையில் இருந்தது. புருஷனின் மூச்சில் ஒரு விசில் இருந்தது. இழுக்கும்போது கர்ர்... விடும்போது வீய்ங்... அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் அவர் இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

மற்றச் சத்தங்களும் இருந்தன. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக். அடுப்பில் விறகு வெடிக்கும் படபடப்பு. கூரையில் பனி உருகி வாளியில் விழும் சொட்டு. அவள் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

நாலு பத்துக்கு நாய் குரைத்தது. அதன் பேர் குட்லா. தெரிந்தவர்களுக்கு வாலாட்டும், தெரியாதவர்களுக்கு இரண்டு குரை குரைத்துவிட்டுப் படுத்துவிடும். அன்றைக்கு நிறுத்தவே இல்லை. சங்கிலி அறுந்துவிடும் போல இழுத்து இழுத்துக் குரைத்தது.

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு.

திறந்தாள். ஐம்பது வயது இருக்கும் ஓர் ஆள். சாம்பல் நிறக் கோட்டு. தோளில் பனி. கையில் மெல்லிய நோட்டு, ஒரு பென்சில்.

"சில சொல்லு கேக்கணும்."

அவர்கள் பேச்சிலேயே கேட்டான். ஒரு பிசிறு இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் யாருக்கும் அது வராது. பத்து வருடம் வந்துபோகிறவர்களுக்கும் நாக்கு எங்காவது ஓர் இடத்தில் இடறும். இந்த ஆளுக்கு இடறவில்லை. யாரோ நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நவம்பர்ல யாரும் வர மாட்டாங்களே. பஸ்ஸும் ஓடலையே. நடந்தா வந்தீங்க?"

நிலையைத் தாண்டி உள்ளே வந்தான். அந்த ஊரில் யார் வீட்டுக்குள் கால் வைத்தாலும் "இயேசுவுக்குப் புகழ்" என்று சொல்லித்தான் வைப்பார்கள். கடன்காரனும் சொல்லுவான், போலீஸ்காரனும் சொல்லுவான். இவன் சொல்லவில்லை. அவளுக்கு உறுத்தியது. குளிரில் வந்த ஆள், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மேசையில் உட்கார்ந்தான். பிளம் சாராயம் ஒரு கோப்பை ஊற்றி வைத்தாள். தொடவில்லை. பேச்சைப் பதிவு பண்ணும் மெஷின் எதையும் எடுக்கவில்லை. முதல் பக்கத்தைக் கேட்கவில்லை. அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து, பென்சிலால் கதவைக் காட்டினான்.

"இதுக்கு என்ன பேரு?"

சொன்னாள். எழுதினான்.

தாழ்ப்பாள், மேசை, கரண்டி, களி கிண்டும் கட்டை என்று தொடங்கி, உப்பு வைக்கும் மரவை வரை இருபத்திரண்டு பொருள். வரிசையாகக் கேட்டான். வரிசையாகச் சொன்னாள். கிண்டுவதை நிறுத்தவில்லை. ஒரு காது உள்ளறையில். கர்ர்... வீய்ங்... சரி.

"இதுக்கு என்ன பேரு?"

கடிகாரம். சொன்னாள். எழுதினான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. டிக் டிக் இல்லை. திரும்பிப் பார்த்தாள். முள் நாலு இருபத்தொன்றில் நின்றிருந்தது. சாவி கொடுக்க மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. காலையில் டாக்டர் போனதும் அவளே சாவி கொடுத்திருந்தாள்.

அவன் பென்சில் மேலே போனது. மின்விளக்கு. அதற்கு அவர்கள் ருமேனியச் சொல்லைத்தான் சொல்லுவார்கள். மின்சாரம் வந்தபோது கூடவே வந்த சொல். அதைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். எழுதவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பென்சில் வாளிக்குப் போனது. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைக் காட்டினான்.

சொன்னாள். எழுதினான்.

சொட்டு நின்றது.

அவள் கை கட்டையோடு நின்றுவிட்டது. கூரையைப் பார்த்தாள். ஓட்டையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. விழப்போவது போல நீண்டு... அப்படியே நின்றது.

அவன் தோளைப் பார்த்தாள். அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். தோளில் பனி. வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. ஒரு பொட்டு உருகவில்லை.

வெளியே குட்லா குரைத்துக்கொண்டே இருந்தது.

"இதுக்கு என்ன பேரு?"

ஜன்னலைக் காட்டினான். குரைப்பைக் காட்டினான். வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்து முடிக்கும் முன் வாய் சொல்லிவிட்டது.

எழுதினான்.

குரைப்பு பாதியில் அறுந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். நாய் உயிரோடுதான் இருந்தது. சங்கிலியை இழுத்தபடி நின்றது. வாயைத் திறக்கிறது. மூடுகிறது. திறக்கிறது. மூடுகிறது. உடம்பெல்லாம் உதறுகிறது.

சத்தம் இல்லை.

கைப்பேசியைப் பார்த்தாள். நாலு முப்பத்து மூன்று.

"போதும். கிளம்புங்க."

அவன் அசையவில்லை. அடுப்பைக் காட்டினான்.

"இதுக்கு என்ன பேரு?"

கோடைக்குக் கோடை அவளிடம் கேட்ட கேள்வி. உதட்டைக் கடித்தாள். கடித்த உதட்டின் வழியாகவே சொல் வெளியே வந்துவிட்டது.

எழுதினான்.

தீ எரிந்தது. படபடப்பு இல்லை. கை நீட்டினாள். சூடு இல்லை. சுவரில் வரைந்த தீ போல... எரிந்தது.

வீட்டில் இப்போது ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது.

கர்ர்...

வீய்ங்...

அவன் அதைக் கேட்டான். தலையைச் சாய்த்துக் கேட்டான். பென்சிலை மெதுவாகத் தூக்கினான். உள்ளறைக் கதவைக் காட்டினான்.

"அதுக்கு என்ன பேரு?"

"எதுக்கு?"

"உள்ள சத்தம் போடுதே. அதுக்கு."

நாக்கு எழுந்தது.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி முப்பத்து நாலு வருடம் கத்திக் கூப்பிட்ட பெயர். அந்த ஊரில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லத் தயங்குவதில்லை. அது அவள் வாயிலேயே குடியிருந்த பெயர்.

முதல் எழுத்து வந்துவிட்டது.

பென்சில் எழுதியது.

உள்ளே மூச்சு...

இழுத்தது.

விடவில்லை.

அவள் கையை வாய்க்குள் விட்டுக் கடித்தாள். மீதிப் பெயரை விழுங்கினாள். உப்புக் கரித்தது. ரத்தம்.

அவன் காத்திருந்தான்.

உள்ளே சத்தம் இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

...வீய்ங்.

விட்டது.

அவளுக்குப் பயம் போய்விட்டது. அவளே சொன்னது. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. ஊரெல்லாம் எழுந்து நின்ற மாதிரி ஒரு கோபம்.

முதலில் ருமேனியச் சொல்லைச் சொன்னாள். புருஷன் என்பதற்கு, டாக்டரிடமும் தபால்காரனிடமும் சொல்லுகிற சொல். அவன் தலையை ஆட்டினான். எழுதவில்லை. பென்சிலை எடுக்கவும் இல்லை. அந்த முதல் எழுத்துக்குப் பக்கத்திலேயே ஊன்றி வைத்திருந்தான்.

"அப்படியா?" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைக் கழற்றித் திருப்பிப் போட்டாள். புருஷன் மரம் அளக்க வைத்திருக்கும் தச்சுப் பென்சிலை எடுத்தாள்.

"இப்ப நான் கேக்கறேன். உங்க பேரு என்ன?"

அவன் பார்த்தான்.

"பேரு. எழுதிக்கிறேன், சொல்லுங்க."

பதில் இல்லை.

"பிறந்த ஊரு?"

இல்லை.

"அம்மா எந்த ஊரு? அப்பா எந்த ஊரு? ஒருத்தரும் இல்லாமலா வந்தீங்க?"

அவன் பென்சில் தாளிலிருந்து எழுந்தது. மயிரிழை அளவு.

"பல்லெல்லாம் இருக்கா? பல்லு இல்லாதவங்க பேச்சை நாங்க எடுத்துக்க மாட்டோம். வாயைத் திறங்க. பாக்கறேன்."

வாயைத் திறந்தான்.

பல் இல்லை.

நாக்கும் இல்லை.

உள்ளே இருட்டு. கிணற்றைக் குனிந்து பார்க்கிற மாதிரி... கீழே கீழே போகிற இருட்டு.

அவள் கண்ணை எடுக்கவில்லை. காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"பேரு இல்ல. ஊரு இல்ல. தாய் தகப்பன் இல்ல. பல்லு இல்ல. இந்த ஆளுக்குச் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

அவன் எழுந்தான். நோட்டை மூடினான். நிலையைத் தாண்டினான்.

மணி நாலு ஐம்பத்து இரண்டு.

அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள். புருஷன் கண்ணைத் திறந்திருந்தார். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கர்ர்... வீய்ங்... கர்ர்... வீய்ங்...

ஐந்து ஐந்துக்கு விக்டோரியா வந்தாள். பால் செம்பு கையில். நிலையில் கால் வைக்கும்போதே "இயேசுவுக்குப் புகழ்" என்றாள்.

"என்றென்றைக்கும் புகழ்" என்றாள் பெட்ரோனெலா. அவள் அழுதது அப்போதுதான்.

"என்னடி இது, கையெல்லாம் ரத்தம்? அடுப்பு வேற சில்லுன்னு கிடக்கு?"

"வந்தவனைப் பாத்தியா?"

"எவனை?"

"நோட்டோட வந்தானே. பேரு கேட்டுக்கிட்டே இருந்தானே."

விக்டோரியா பால் செம்பைக் கீழே வைத்தாள்.

"பெட்ரோனெலா, நான் ஒரு மணி நேரமா வேலிகிட்ட மாட்டைக் கட்டி, தண்ணி காட்டி, பால் கறந்துட்டு இருந்தேன். உன் வீட்டுக்கு யாரும் வரல. உன் குரல் மட்டும்தான் கேட்டுது."

"நான் பதில் சொன்னேன்."

"கேட்டதும் நீதான்டி. 'இதுக்கு என்ன பேரு, இதுக்கு என்ன பேரு'ன்னு நீயே கேட்டுட்டு நீயே சொல்லிட்டு இருந்த. சரி, தனியா கிடக்கிற, ஏதோ புலம்பறன்னு நினைச்சேன்."

அந்த ராத்திரியைப் புருஷன் தாண்டிவிட்டார். அடுத்த மாதம் எழுந்து உட்கார்ந்தார். ஈஸ்டருக்குக் கோல் ஊன்றிக் கோயிலுக்கு நடந்தார்.

கடிகாரம் ஓடவில்லை. சுச்சாவா நகரத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஏன் ஓடவில்லை என்று தெரியவில்லை என்றார் கடைக்காரர். அடுப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். குட்லா கடைசி வரை குரைக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடும்.

இன்னொன்றும் இருந்தது. அன்றைக்கு அவள் கொடுத்த சொல் ஒன்றுகூட அவள் வாயில் இல்லை. அடுப்பை எதிரே வைத்துக்கொண்டு நிற்பாள். சொல் வராது. விக்டோரியா சொல்லிக்கொடுப்பாள். திருப்பிச் சொல்லுவாள். சாயங்காலத்துக்குள் போய்விடும். பெட்ரோனெலா விடவில்லை. தினமும் காலையில் வேலிக்கு வந்து நிற்பாள்.

"சொல்லுடி விக்டோரியா."

"நேத்துதானே சொன்னேன்."

"இன்னிக்கும் சொல்லு. நாளைக்கும் சொல்லணும். உனக்கு வேற என்ன வேலை?"

அடுத்த ஜூலையில் மால்வினா வந்தாள். போலந்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் பெண். நாலு கோடையாக வருகிறவள். பெட்ரோனெலாவை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். சொல் வராத பொருளை விரலால் காட்டிக் காட்டி, பெட்ரோனெலா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் பொருளுக்குப் பின் எந்தப் பொருளைக் கேட்டான் என்பது உட்பட.

கதவு, தாழ்ப்பாள், மேசை என்று ஆரம்பித்து, உப்பு மரவை வந்தபோதே மால்வினா முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை... மெதுவா. அடுத்தது கடிகாரமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

மால்வினா மடிக்கணினியைத் திறந்தாள். பழைய நோட்டுகளைப் படம் பிடித்து வைப்பது அவள் வேலை. ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினாள். பென்சில் எழுத்து.

"பழைய பெட்டியில மூணு நோட்டு இருக்கு. ஒரே கையெழுத்து. யாரு எழுதினதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. மூணும் எங்க பதிவேட்டுல ஏறினது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல."

"நான் அப்ப பிறக்கவே இல்ல."

"தெரியும் அத்தை. மூணாவது நோட்டு உங்க ஊரு. இருபத்தேழு பதில் இருக்கு. நீங்க சொன்ன அதே வரிசை."

"மத்த ரெண்டு நோட்டு?"

"வேற ரெண்டு ஊரு. அதுல கடைசிப் பக்கம் வரைக்கும் எழுதியிருக்கு. கடைசிப் பக்கமெல்லாம் மனுஷங்க பேரு. வீடு வீடா."

"அந்த ஊருக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"போனோம். வீடெல்லாம் அப்படியே இருக்கு. கேக்கறதுக்கு ஆளு இல்ல."

பெட்ரோனெலா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். இருபத்தெட்டாவது கேள்வி. எதிரே ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்து. அவளுக்குத் தெரிந்த எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், குறுக்கே ஒரு கோடு.

"இது என்ன குறி?"

மால்வினா மடிக்கணினியை மூடப் போனாள்.

"சொல்லும்மா."

"நாங்க எல்லாருமே போடற குறிதான் அத்தை. பதில் பாதியில நின்னா போடுவோம்."

"போட்டா?"

"திரும்ப வந்து கேக்கணும்னு அர்த்தம்."

பெட்ரோனெலா அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு நிமிர்ந்து முதுகை நேராக்கினாள்.

"வரட்டும்" என்றாள்.

உள்ளறைப் பக்கம் திரும்பினாள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"யோவ், களி ஆறுது. எந்திரிச்சு வா."